எந்த ஐ5 என்று கேளுங்கள்

கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கிய மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த ஊர் நாராயணவனம். ஆகாசராஜன் மகள் பத்மாவதியை வேங்கடவன் கைப்பிடித்தது இங்கேதான் என்கிறது தலபுராணம். அந்தக் கடனுக்கான வட்டிதான் இன்றும் திருமலை உண்டியலில் விழுந்துகொண்டிருக்கிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. கல்யாண வேங்கடேசப் பெருமாள் கோயில், சுரைக்காய் சித்தர் சமாதி, தெருவில் நடந்தால் காதில் விழும் தறிச் சத்தம். வெளியூர்க்காரர்கள் அறிந்த நாராயணவனம் இவ்வளவுதான்.

அந்தத் தறி வீடுகளின் கணக்கு நோட்டில் இப்போது புதிதாக ஒரு வரி ஏறியிருக்கிறது: கம்ப்யூட்டர். புத்தூரிலிருந்து நாராயணவனம் வரும் சாலையிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்த பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டுக்குள் வீட்டில் ஒரு சிஸ்டம் வேண்டும். கோயிலில் நடக்கும் கல்யாணங்களைப் படம்பிடிக்கிற ஸ்டுடியோக்காரருக்கு வீடியோ எடிட் செய்ய ஒன்று வேண்டும். ஆதார், பான் கார்டு, நிலப் பாஸ்புக் என்று ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கிற கடைக்காரருக்கும் ஒன்று வேண்டும். மூவர் கையிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே தொகைதான்: இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம், மீறிப்போனால் நாற்பதாயிரம். வேலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதது. ஆனால் கடைக்குப் போனால் மூவருக்கும் ஒரே பெட்டியைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள்.

கடை என்றால் இங்கிருந்து இரண்டு திசை. ஒரு பக்கம் திருப்பதி. இன்னொரு பக்கம், பிச்சாட்டூர், நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்தாலும் புத்தூரில் ரயில் ஏறினாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி சென்னை. அங்கே அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் போக்குவரத்துச் செலவு போகச் சென்னையில் ஓரிரு ஆயிரம் மிச்சமாகலாம். ஆனால் பொருளில் கோளாறு வந்தால் மறுபடியும் அதே நூறு கிலோமீட்டர். இதையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த ஊர்க் கடையானாலும் பேச்சு ஒரே மாதிரிதான் தொடங்குகிறது.

“ஐ5 சிஸ்டம் தம்பி. 16 ஜிபி ராம், 512 எஸ்எஸ்டி, கலர் கலரா லைட் எரியுற ஃபேன், கண்ணாடி கேபினெட். எல்லாம் சேத்துப் பதினெட்டாயிரம். இதுக்குக் கீழ யாரும் தரமாட்டாங்க.”

“எந்த ஐ5 அண்ணே?”

இந்த ஒரு கேள்வியை மட்டும் விடாமல் கேட்டால் போதும், பாதிப் பணம் தப்பிக்கும். இன்டெல் கம்பெனி ஐ5 என்ற பெயரில் பிராசஸர் விற்கத் தொடங்கியது 2009இல். அன்று முதல் ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று ஏறக்குறையப் பதினான்கு தலைமுறை வந்துவிட்டது. பெயர் எல்லாவற்றிலும் ஐ5தான். வயதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண். ஐ5-3470 என்றால் முதலில் வரும் 3, மூன்றாம் தலைமுறை, வந்தது 2012இல். ஐ5-12400 என்றால் முதல் இரண்டு இலக்கம் 12, பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது. பதினெட்டாயிரத்துக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தருகிற ‘கேமிங் ஐ5’ பெரும்பாலும் அந்த 3470 அல்லது அதன் அண்ணன் தம்பிகள்தான். இன்று இன்ஜினீயரிங் படிக்கிற பிள்ளை ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது வந்த பிராசஸர் அது. பெரிய அலுவலகங்கள் தூக்கிப்போட்ட பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றியது.

பிராசஸர் பழையது, சரி. மதர்போர்டு மட்டும் பளபளவென்று புதிதாக இருக்கிறதே? அங்கேதான் வித்தை. எச்61 என்ற சிப்செட் 2011இல் வந்தது. இன்டெல் அதை எப்போதோ மறந்துவிட்டது. ஆனால் பழைய சிப்பை வைத்துப் புதுப் பலகை அடித்துப் பல பெயர்களில் இன்னமும் விற்கிறார்கள். பெட்டியைப் பிரித்தால் புது வாசனை வரும். உள்ளே இருப்பது டிடிஆர்3 ராம் மட்டுமே ஏற்கிற பழைய ஏற்பாடு. இதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இரண்டு வருடம் கழித்து வேகம் போதவில்லை என்றால் மாற்றுவதற்கு அடுத்த பிராசஸரும் கிடையாது. பலகை, ராம், பிராசஸர் மூன்றையும் சேர்த்துத் தூர எறிய வேண்டும். சாதாரண ஐ3-12100, நான்கே கோர் உள்ளது, 2022இல் வந்தது. அதன் பக்கத்தில் வைத்தால் இந்த ‘ஐ5’ பாதி வேகம்கூடத் தேறாது. ஐ5 என்றால் ஐ3யை விட ஒசத்தி என்று நம்பிக் காசு கொடுக்கிறவர்களை வைத்துத்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே கதை. “4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போட்டுத் தரேன்” என்று சொல்லி ஜிடி 730 என்ற கார்டைச் சொருகுவார்கள். அது 2014இல் வந்தது. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600ஜி பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ் அதைவிடத் தெளிவாக வேகமானது. தனியாக ஒரு பைசா வேண்டாம். ஆனால் ‘4 ஜிபி’ என்ற எண் நோட்டீசில் பெரிதாகத் தெரியும். பிராசஸருக்குள் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது.

அப்படியானால் பழைய பொருளே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். சிக்கனமாக வாங்க நினைப்பவருக்கு இன்று கிடைக்கிற நல்ல வாய்ப்பே பழைய சந்தைதான், எதைப் பழையதாக வாங்குவது என்று தெரிந்திருந்தால்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல்லில் எட்டாம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். விளைவு, ஆறு, ஏழாம் தலைமுறைக் கம்ப்யூட்டர்களைக் கம்பெனிகள் லாட்டாகத் தள்ளிவிடுகின்றன. டெல் ஆப்டிபிளக்ஸ், எச்பி, லெனோவோ திங்க்சென்டர் என்று அலுவலகத்துக்கென்றே செய்த உறுதியான பெட்டிகள். கோடிங் படிக்கிற பிள்ளை லினக்ஸில் வேலை செய்யத் தயார் என்றால் இந்த ஆறு, ஏழாம் தலைமுறையே போதும். கேரளத்தில் அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகின்றன. பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. விண்டோஸ்தான் வேண்டும் என்றால் எட்டாம் தலைமுறை ஐ5 தேடுங்கள். 2017இல் வந்த 8400 முதற்கொண்டு அதில் ஆறு கோர். ஏழாம் தலைமுறை ஐ5இல் நான்குதான். ஒரே ஒரு தலைமுறை வித்தியாசம்தான். விலையில் கொஞ்சம் கூடும், பயனில் நிறையக் கூடும்.

இந்த அலுவலகப் பெட்டிகளில் ஒரு வில்லங்கம் உண்டு. பல மாடல்களில் பவர் சப்ளையின் கனெக்டர், மதர்போர்டின் அளவு எல்லாம் அந்தக் கம்பெனிக்கே உரியவை. வெளிச்சந்தையில் வாங்கிய எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. ஒல்லிப் பெட்டியாக இருந்தால் முழு உயர கிராபிக்ஸ் கார்டு உள்ளே போகவே போகாது. பிற்பாடு கேம் விளையாடும் எண்ணம் இருந்தால், கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். திறக்க மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

என்னிடம் கேட்டால், பிராசஸரையும் ராமையும் பயமில்லாமல் பழையதாக வாங்கலாம் என்பேன். அசைகிற பாகம் எதுவும் அவற்றில் இல்லை. கெட்டுப்போவதாக இருந்தால் பெரும்பாலும் முதலிலேயே கெட்டிருக்கும். ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை இரண்டையும் பழையதாகத் தொடக்கூடாது. எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்கத்தான் வேண்டும் என்றால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

ராம் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இந்தச் சின்னப் பட்டை இப்போது ஊரையே அழவைக்கிறது. 2025 தொடக்கத்தில் 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வந்தது. ஆண்டு முடிவதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நாராயணவனத்துத் தறி வீட்டுக்கும் அமெரிக்காவின் செயற்கை நுண்ணறிவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தம் இங்கேதான் இருக்கிறது. உலகத்தின் ராம் சிப்பில் பெரும்பகுதியைச் செய்வது மூன்றே கம்பெனிகள்: தென்கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏஐ சர்வர்களுக்கான உயர்ரக மெமரியில் லாபம் கொட்டுவதால் மூன்றும் உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. 2025 அக்டோபரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் ஸ்டார்கேட் திட்டத்துக்காகச் சாம்சங்குடனும் எஸ்கே ஹைனிக்ஸுடனும் பூர்வாங்க உடன்பாடு செய்துகொண்டது. குறிப்பிட்ட இலக்கு மாதத்துக்கு ஒன்பது லட்சம் வேஃபர், அதாவது சிப் வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டு, வரை. டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்குகிற தன் ‘குருஷியல்’ வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. பழைய டிடிஆர்4 சிப் செய்வதையும் பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே குறைத்துக்கொண்டே வந்தன. கேட்பவர் அதிகம், சரக்கு குறைவு. விலை ஏறாமல் என்ன செய்யும்?

முன்பெல்லாம் அசெம்பிள் செய்யும்போது ராம் கடைசி வரி. “ஒரு 16 போட்டுக்கோ” என்று யோசிக்காமல் எழுதுவார்கள். இப்போது அந்த வரியிலிருந்துதான் கணக்கே தொடங்குகிறது. புதுசாக அசெம்பிள் செய்வதா, 16 ஜிபி ராமோடு வருகிற பழைய அலுவலகப் பெட்டியை வாங்குவதா என்ற கேள்விக்கு 2024இல் நான் புதுசு என்று சொல்லியிருப்பேன். இன்று முப்பதாயிரத்துக்குள் மானிட்டரோடு வேண்டும் என்கிற மாணவருக்கு எட்டாம் தலைமுறைப் பழைய பெட்டியைத்தான் காட்டுவேன். உள்ளே இருக்கிற ராமுக்கே இப்போது தனி மதிப்பு.

புதுசுதான் வேண்டும், கையில் நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பவர்களுக்கு இரண்டு பாதை. ஒன்று ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 2021இல் வந்தது, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், 65 வாட். கிராபிக்ஸ் கார்டு தனியாக இல்லாமலேயே இலகுவான கேம்கள் ஓடும். இது உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டைப் போல் நீடித்து உழைத்த சாக்கெட் சமீப காலத்தில் இல்லை. 2017இல் ரைசனோடு சந்தைக்கு வந்த பலகைகள் பலவற்றில் பயாஸ் மட்டும் புதுப்பித்து 2022இல் வந்த பிராசஸரைப் போட்டு ஓட்டினார்கள். 2024இல்கூட இந்தச் சாக்கெட்டுக்கு ஏஎம்டி புது பிராசஸர் விட்டது. இன்னொரு பாதை, மேலே சொன்ன ஐ3-12100. அதன் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறையும் உட்காரும். பின்னாளில் பழைய சந்தையில் ஐ5 ஒன்று மலிவாகக் கிடைத்தால் அப்படியே மாற்றிக்கொள்ளலாம். இன்று கையில் இருக்கிற காசுக்கு எது உச்ச வேகம் என்பதை விட, நாளைக்கு எதை மாற்ற முடியும் என்று பார்த்து வாங்குவதே சிக்கனக்காரருக்கு லாபம்.

5600ஜி வாங்கினால் ராமை ஒரே 16 ஜிபி பட்டையாக வாங்கக்கூடாது. 8 ஜிபி வீதம் இரண்டு பட்டை. உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒரு பட்டை என்றால் ஒற்றைவழிச் சாலை, இரண்டு பட்டை என்றால் இரட்டைவழி. கேமில் வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாறும். கேம் விளையாடாத, டைப் அடிக்கிற வேலைக்கு இந்தக் கவலை வேண்டாம். விலை இறங்கும்வரை ஒரு 8 ஜிபி பட்டை போட்டு மற்ற இடத்தைக் காலியாக விட்டுவைக்கலாம். ஆண்ட்ராய்டு ஆப் செய்யப் படிக்கிற பிள்ளை என்றால் 8 திணறும்.

இனி, யாரும் விலை கேட்காத பாகத்துக்கு வருவோம். எஸ்எம்பிஎஸ்.

கேபினெட்டோடு ‘ஃப்ரீ’யாக வருகிற பவர் சப்ளையைத் திருப்பி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள். மேலே கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். கீழே சின்னக் கட்டங்களில் 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று தனித்தனியாக ஆம்பியர் போட்டிருப்பார்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது 12 வோல்ட்டிலிருந்துதான். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்: 12 பெருக்கல் 18, 216 வாட். 450 எங்கே, 216 எங்கே! மீதி வாட் எல்லாம் இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத மற்ற கட்டங்களில் காகிதத்தில் மட்டும் இருக்கிறது. நேர்மையான 450 வாட் சப்ளையில் 12 வோல்ட் கட்டம் மட்டுமே நானூறு வாட்டைத் தாண்டியோ அதை ஒட்டியோ நிற்கும். ‘80 பிளஸ்’ முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. 2004இல் தொடங்கிய சான்று அது. குறிப்பிட்ட சுமைகளில் எண்பது சதவீதத்துக்குக் குறையாமல் மின்சாரத்தை உருப்படியாக மாற்றுகிறது என்பதற்கு அத்தாட்சி.

வோல்டேஜ் ஏறி இறங்குகிற ஊரில், தறி மோட்டார்கள் ஓடுகிற அதே லைனில் கம்ப்யூட்டரை மாட்டும்போது இந்தப் பாகம்தான் காவல். மட்டமான சப்ளை போகும்போது தனியாகப் போகாது. மதர்போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். கை கால் ஒடிந்தால் கட்டுப்போட்டுக்கொள்ளப் பக்கத்திலேயே புத்தூர் இருக்கிறது. கருகிய மதர்போர்டுக்கு எந்த ஊரிலும் கட்டு கிடையாது. பிராசஸரில் ஆயிரம் ரூபாய் குறைத்தாவது இதில் போடுங்கள். யுபிஎஸ் வாங்கும்போது ஒரு சங்கதி: ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல பவர் சப்ளைகள் சில, மலிவான யுபிஎஸ் தருகிற கரடுமுரடான மின்அலையில் கரண்ட் போன நொடியில் அணைந்துவிடும். கடையிலேயே இரண்டையும் இணைத்து, சுவரில் உள்ள ப்ளக்கைப் பிடுங்கிச் சோதித்து வாங்குங்கள். எர்த் ஒயர் சரியாக இல்லாத வீட்டில் முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு.

தறி வீட்டுக்கென்றே இன்னொரு எதிரி உண்டு. பஞ்சு. விசைத்தறி ஓடும்போது நூலிலிருந்து பறக்கிற மெல்லிய இழை கண்ணுக்குத் தெரியாமல் வீடெங்கும் மிதக்கும். தரையில் வைத்த கம்ப்யூட்டர் அதை மூச்சிழுப்பது போல் இழுத்துக்கொள்ளும். சில மாதம் கழித்துப் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால், பிராசஸர் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் மெத்தை தைத்தது போல் ஒரு அடுக்கு படிந்திருக்கும். ஃபேன் சுழலும், காற்று மட்டும் உள்ளே போகாது. 5600ஜிக்கு 95 டிகிரிதான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் அறையே நாற்பது டிகிரியில் கிடக்கும்போது எல்லையைத் தொட அதிக நேரம் பிடிக்காது. “புதுசுல நல்லா ஓடுச்சுங்க, இப்ப ஸ்லோ ஆயிடுச்சு” என்று விண்டோஸைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு பிரஷ்ஷும் பிளோயரும் செய்கிற வேலை.

அதனால் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் இந்த ஊருக்கு ஆகாது. அது காற்றை அடைக்கும். முன்பக்கம் வலை, வலைக்குப் பின்னால் கழற்றிக் கழுவுகிற மாதிரி ஃபில்டர், முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. உள்ளே வருகிற காற்று அதிகமாக இருந்தால் இடுக்குகள் வழியாகத் தூசு நுழைவது குறையும். பெட்டி தரையில் வேண்டாம், மேஜை மேல். லைட் எரிகிற ஃபேனுக்குக் கேட்கிற கூடுதல் விலையில் சாதாரண ஃபேன் இன்னொன்று வந்துவிடும்.

ஸ்டுடியோக்காரருக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் வேறு கணக்கு. முகூர்த்த மாதத்தில் அடுத்தடுத்துக் கல்யாணம். ஆல்பமும் வீடியோவும் அடுத்த முகூர்த்தத்துக்குள் கைமாற வேண்டும். இப்போது வருகிற கேமராக்கள் எச்.265 முறையில், 10 பிட், 4:2:2 என்ற நிறக் கணக்கில் பதிவு செய்கின்றன. நிறம் அருமையாக வரும். எடிட் செய்யும்போது டைம்லைன் நத்தை போல் நகரும். உடனே கடையில் பெரிய கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்வார்கள். ஆனால் இந்தக் குறிப்பிட்ட வகை வீடியோவைப் பிரித்துப் படிக்கும் வசதி பல கிராபிக்ஸ் கார்டுகளில் இல்லை. இன்டெல் பிராசஸருக்கு உள்ளேயே இருக்கிற குயிக்சிங்க் பகுதியில், பதினோராம் தலைமுறை முதல் இருக்கிறது. அடோபி பிரீமியர் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். அதாவது ஐ5-12400 ஒன்றே இந்த வேலையில் விலை உயர்ந்த கார்டை வெட்கப்பட வைக்கும்.

அங்கேயும் ஒரு எழுத்தைக் கவனிக்க வேண்டும். 12400, 12400எஃப் என்று இரண்டு உண்டு. எஃப் போட்டது விலை குறைவு. குறைத்தது எதை என்றால், உள்ளே இருக்கிற அந்த கிராபிக்ஸை. எப்படியும் கார்டு போடப்போகிறோமே என்று எஃப் வாங்கி, ஓரிரு ஆயிரம் மிச்சம்பிடித்து, கல்யாண வீடியோவுக்கு மிகவும் தேவைப்படுகிற பாகத்தையே இழந்துவிடுகிறவர்கள் உண்டு. ஸ்டுடியோவுக்கு இன்னொன்று: எஸ்எஸ்டியில் எடிட், வேலை முடிந்ததும் பெரிய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி, வேறொரு வீட்டில் இன்னொரு பிரதி. தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது.

ஆன்லைன் சேவை கடைக்காரருக்கு வேகம் பெரிய விஷயமில்லை. எட்டாம் தலைமுறை, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி தாராளம். கைரேகைக் கருவிகளின் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை எதிர்பார்ப்பதால் லினக்ஸ் ஒத்துவராமல் போகலாம். அவர் காசு போட வேண்டிய இடம் முறையான விண்டோஸ் லைசென்ஸ். இலவசமாக ஏற்றித் தருகிற ‘ஆக்டிவேட்டர்’ விண்டோஸில் பின்வாசல் எது திறந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதே மெஷினில்தான் ஊர்ஜனங்களின் ஆதாரும் வங்கிக் கணக்கும் ஏறுகிறது. பழைய அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் கம்பெனி வாங்கிய விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்து வரும். அது இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

பட்ஜெட் போடுகிற எல்லோரும் மறக்கிற மூன்று பொருள் உண்டு: மானிட்டர், கீபோர்டு மவுஸ், யுபிஎஸ். முப்பதாயிரம் என்றால் இவற்றுக்கே ஏழெட்டாயிரம் போய்விடும். சிபியுவுக்கு மட்டும் முப்பதும் செலவழித்துவிட்டு, வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ ஒயர் மாட்டி, பாட்டி சீரியல் பார்க்க உட்கார்ந்ததும் புரோகிராமை மூடி வைக்கிற பிள்ளைகளைப் பார்க்கலாம்.

பில். சில கடைகளில் “பில் இல்லாம வாங்கிக்கோங்க, ஜிஎஸ்டி மிச்சம்” என்பார்கள். 18 சதவீதம் என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் வாரண்டி அந்தக் காகிதத்தோடுதான் ஒட்டியிருக்கிறது. சீரியல் நம்பரோடு பில் இல்லாவிட்டால் மூன்று வருட வாரண்டி வாய்ப்பேச்சு வாரண்டியாகிவிடும். பிராசஸரைக் கம்பெனிப் பெட்டியோடு வாங்குங்கள். ‘ட்ரே’ என்று சொல்லிப் பெட்டியில்லாமல் தருவது விலை குறையும். கோளாறு வந்தால் பெரும்பாலும் கம்பெனியிடம் போக முடியாது, விற்ற கடைக்காரர்தான் கதி, அவர் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். கடைக்குப் போகும் முன் போனில் இரண்டு மூன்று ஆன்லைன் தளங்களின் விலையைப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். பேரம் அங்கிருந்து தொடங்கட்டும். ராம் விலை மட்டும் போன வாரம் பார்த்தது இந்த வாரம் இருக்காது, அன்றைக்கே பாருங்கள்.

வாங்கி வந்தாயிற்று, விளக்கு எரிகிறது, விண்டோஸ் வந்துவிட்டது. உடனே கேமை ஏற்றாதீர்கள். மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் சோதனையைப் பென்டிரைவில் போட்டு முதல் இரவே ஓட விடுங்கள். ராமில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் மறுநாளே கடைக்குப் போன் போடுங்கள். மாற்றித் தருகிற கெடு பல கடைகளில் சில நாட்கள்தான். பிறகு பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். சில ஏஎம்டி பலகைகளில் டிஓசிபி என்றும் எழுதியிருக்கும். அது அணைந்திருந்தால் 3200 என்று எழுதி விலை கொடுத்து வாங்கிய ராம் 2133இலோ 2666இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் மாட்டிக் கொடுக்கிறவர்கள் அவசரத்தில் பல நேரம் இதைத் தொடுவதே இல்லை. டெலிட் பட்டன் அல்லது எஃப்2, உள்ளே ஒரு மெனு, ஒரு எண்டர், சேவ் செய்து வெளியே வர எஃப்10.